வடை ஓட்டை போட்ட ரொட்டி

கோவையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நான் சுட்ட முதல் ரொட்டியைக் காக்கைகூடத் தொடவில்லை. அடிப்பக்கம் தார் ரோட்டிலிருந்து பெயர்த்தெடுத்த துண்டு மாதிரி இருந்தது. மேல்பக்கம் பிசைந்து வைத்த மாவு அப்படியே ஈரமாக இருந்தது. இரண்டுக்கும் நடுவில் ஒரு விரற்கடை அளவுக்கு மட்டும் ரொட்டி என்று சொல்லத்தக்க ஏதோ ஒன்று. அம்மா மாடிப்படியில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, "பாத்திரமாவது தேறுமா?" என்று மட்டும் கேட்டார்.

தேறவில்லை.

விஷயம் இதுதான். செப்டம்பர் தொடக்கத்தில் லடாக்கின் மார்க்கா பள்ளத்தாக்கில் நானும் நண்பனும் ஐந்து நாள் நடப்பதாகத் திட்டம். கூடாரம், சாப்பாடு, அடுப்பு எல்லாம் எங்கள் முதுகில்தான். குதிரை கிடையாது, சமையல்காரர் கிடையாது. அதற்கு முந்தைய மலைப்பயணத்தில் நூடுல்ஸும் ரவா உப்புமா மிக்ஸும் மட்டுமே தின்று, நான்காம் நாள் நாங்கள் பேசிக்கொண்டதெல்லாம் பேக்கரி பற்றித்தான். கோவைக்காரனுக்குப் பேக்கரி என்பது தெருமுனையில் பிறப்புரிமையாக இருக்கவேண்டிய ஒன்று. அதனால் இந்த முறை மலையில் ரொட்டி சுட்டே தீருவது, அதற்காகக் கூடுதலாகச் சுமக்கும் எடை 400 கிராமைத் தாண்டக் கூடாது என்று முடிவு செய்தேன். கையில் ஆறு வாரம் இருந்தது. மாடியில் பதினோரு முறை சுட்டேன். நான்கைச் சாப்பிட முடிந்தது.

கோளாறு எங்கே

என்னிடம் இருந்தது கேஸ் டப்பாவின் தலையில் திருகி மாட்டுகிற சின்ன அடுப்பு. எடை 90 கிராம், மடக்கினால் உள்ளங்கைக்குள் அடங்கும். தீ வரும் வாய் பத்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம்தான் பெரியது. தண்ணீர் கொதிக்கவைக்க இது அருமையான சாமான், ஏனென்றால் தண்ணீர் தானே மேலும் கீழும் சுழன்று சூட்டைப் பரப்பிக்கொள்ளும். மாவு சுழலாது. தீ படுகிற இடம் கரியும், மற்ற இடம் வேடிக்கை பார்க்கும்.

இதில் என் பாத்திரம் வேறு டைட்டானியம். எடைக்கு ஆசைப்பட்டு வாங்கியது. அலுமினியம் கடத்துகிற சூட்டில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் டைட்டானியம் கடத்தும். தீ படும் வட்டத்துக்குள் எல்லா சூடும் சிறைப்பட்டுக் கிடக்கும். வெந்நீர் போடுகிறவர்களுக்கு அது ஒரு குறையே இல்லை. ரொட்டி சுடுகிறவனுக்கு அது தலையெழுத்து.

இதைத் தாண்டி இன்னொரு பெரிய சிக்கல் இருக்கிறது. வீட்டு ஓவனில் சூடு நாலாபுறமும் இருந்து வரும். இந்த அடுப்பில் அடியில் தேவைக்கு மேல், மேலே ஒன்றுமே இல்லை. ஆறு வாரமும் நான் மல்லுக்கட்டியது இந்த ஒன்றோடுதான்.

பிரியாணி மாஸ்டர்களைக் கேட்டால் வழி சொல்லிவிடுவார்கள். தம் போடும்போது அண்டாவின் மூடி மேல் கங்கு அள்ளிக் கொட்டுவார்கள். அடித் தீயை இழுத்துவிடுவார்கள். வீட்டில் என்றால் பாத்திரத்துக்கு அடியில் தோசைக்கல். அமெரிக்காவில் நோல்ஸ் என்ற வெளிப்புறப் பயிற்சிப் பள்ளி, 1965இல் தொடங்கியது, மாணவர்களை வாரக்கணக்கில் மலைக்குள் கூட்டிப்போகிறது. அவர்கள் வழியும் இதன் தம்பிதான்: தடித்த அலுமினியச் சட்டியில் மாவை வைத்துத் தட்டை மூடியால் மூடி, அந்த மூடிமேல் சுள்ளிகளைக் கொளுத்துவார்கள். அடி கருகாமல் இருக்க, சட்டியைத் தீயின் நடுவில் வைக்காமல் ஓரமாக வைத்து, கடிகாரம் சுற்றுவது போலக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக்கொண்டே இருப்பார்கள். சுவீடன்காரர்களின் ஓம்னியா வேறு வகை. வளைய வடிவில் ஒரு அலுமினிய அச்சு, நடுவில் ஓட்டை. சூடான காற்று அந்த ஓட்டை வழியாக மேலேறி, மூடிக்குள் பரவி, மாவின் தலையையும் வேகவைக்கும்.

சுள்ளி வழி எனக்கு ஆகாது. மார்க்கா பள்ளத்தாக்கு ஹெமிஸ் தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. அந்தக் குளிர் பாலையில் ஒரு கைப்பிடிப் புதர் எவ்வளவு கஷ்டப்பட்டு வளர்கிறது என்று பார்த்தவர்கள், ஒரு பன்னுக்காக அதை ஒடிக்க மாட்டார்கள். ஓம்னியா அரைக் கிலோ பக்கம் வரும், அதுவும் போச்சு. ஆனால் அந்த நடு ஓட்டை மட்டும் மனதில் தங்கிவிட்டது.

குக்கர் மணல், பிஸ்கட் டின்

அம்மாவுக்கு இதெல்லாம் புதிதே இல்லை. எங்கள் வீட்டில் ஓவன் வருவதற்கு முன் பிறந்தநாள் கேக் எல்லாம் குக்கரில்தான். அடியில் இரண்டு அங்குலம் மணல், அதன்மேல் பிரிமணை, அதன்மேல் கேக் பாத்திரம். கேஸ்கட்டும் வெயிட்டும் கழற்றிவிட வேண்டும். மணல் தீயின் கோபத்தை வாங்கித் தன்னிடம் வைத்துக்கொண்டு மெதுவாகத் தரும்.

அதையே சின்னதாகச் செய்தேன். பாத்திரக் கடையில் அடி தட்டையான, 18 செ.மீ. அகல இண்டாலியம் சட்டி ஒன்றை மூடியோடு எடைக்கு வாங்கினேன், 230 கிராம். உள்ளே மணல், அதன்மேல் அம்மாவின் காபி டபரா, அதற்குள் மாவு. வெந்தது! ஆனால் மணல் சூடாகவே பன்னிரண்டு நிமிடம், வேக முப்பது நிமிடம். கேஸ் டப்பாவைச் சமையலறைத் தராசில் முன்னும் பின்னும் நிறுத்துப் பார்த்தேன்: 41 கிராம் காலி. 230 கிராம் டப்பாவில் இப்படி ஐந்து கேக் சுட்டால் டீ போட ஒன்றும் மிஞ்சாது. (நான்ஸ்டிக் பாத்திரத்தில் யாரும் இதை முயல வேண்டாம். வெறும் பாத்திரமாகக் காய்ந்தால் அந்தப் பூச்சு சிதைந்து புகையும்.)

மணலின் வேலையை எடையில்லாமல் செய்ய ஏதாவது வேண்டும். பரணில் பழைய பிஸ்கட் டின் இருந்தது. அதன் மூடியிலிருந்தும் அடியிலிருந்தும் வட்டமாக இரண்டு தகடு வெட்டினேன், பெரியது 14 செ.மீ. தகரக் கத்தரி இல்லாமல் முதலில் சமையலறைக் கத்தரிக்கோலால் வெட்டியது தனிக் கதை. அந்தக் கத்தரிக்கோல் இப்போது பால் கவரைக்கூட வெட்டாது. மேல் தகட்டின் ஓரத்தில் மட்டும் ஆணியால் வரிசையாக ஓட்டை, நடுவில் ஒன்றும் இல்லை. கீழ்த் தகடு அதைவிடச் சிறியது, ஓட்டையே இல்லாதது. இரண்டுக்கும் நடுவில் ஒரு சென்டிமீட்டர் இடைவெளி வருமாறு மூன்று சின்ன ஸ்க்ரூ. தீ கீழ்த் தகட்டில் முட்டி, பக்கவாட்டில் பரவி, ஓர ஓட்டைகள் வழியாக மேலே வரும். எடை 78 கிராம்.

மாவு படுவதற்கு முன் இதை மாடியில் ஒரு முறை நன்றாக எரித்துவிட வேண்டும். டின்னின் வண்ணப்பூச்சு பொரிந்து எழும்பி நாறும். உள்பக்கப் பளபளப்பும் போகும். வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும் என்பதால் அந்தப் பூச்சு நிற்காது, கருத்த இரும்புதான் மிஞ்சும். பரவாயில்லை, இதில் சாப்பாடு நேரடியாகப் படப்போவதில்லை. ஆனால் துத்தநாகம் பூசிய தகட்டை மட்டும் எடுக்காதீர்கள். கூரைக்குப் போடும் அந்த வகைத் தகடு தீயில் காய்ந்தால் வரும் புகை உடம்புக்கு ஆகாது.

தகடு வந்ததும் கேஸ் செலவு பாதியாகிவிட்டது. 25 நிமிடத்துக்கு 22 கிராம். ஆனால் ஒரு மாலை காற்று அதிகமாக இருந்ததால் அடுப்பைச் சுற்றி அலுமினியத் தாளால் வேலி கட்டினேன். பத்து நிமிடம் கழித்து ஏதோ தோன்றி டப்பாவைத் தொட்டுப் பார்த்தால், கைக்குழந்தைக்குக் கொடுக்கும் பாலைவிடச் சூடு. தகடு சூட்டைக் கீழே திருப்பிவிடுகிறது, வேலி அதை வெளியே போகவிடாமல் பிடித்து வைக்கிறது, நடுவில் கேஸ் டப்பா. 50 டிகிரிக்கு மேல் போகக் கூடாது என்று அதன் மேலேயே அச்சிட்டிருக்கிறது. அடுப்பை அணைத்துவிட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.

மறுநாளே நண்பனிடமிருந்து குழாய் வைத்த அடுப்பை இரவல் வாங்கினேன். அதில் டப்பா ஒரு முழம் தள்ளி இருக்கும். வேலி கட்டலாம், தீயைச் சிம்மில் வைப்பதும் எளிது, அகலமான கால் என்பதால் பாத்திரம் ஆடாது. இதனால் கூடிய 90 கிராமை என் 400 கிராம் கணக்கில் சேர்க்கவில்லை. அழுகுணி ஆட்டம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

வடை

தகட்டோடும் நடு வேகாத பிரச்சினை தீரவில்லை. உருண்டையாகத் தட்டினால் ஓரம் வெந்து நடு மாவாக இருக்கும். நடு வேகும்வரை வைத்தால் அடி கருகும். ஏழாவது முயற்சியும் இப்படிப் போன அன்று, இரவு டிபனுக்கு அம்மா உளுந்து வடை போட்டார். விரலால் ஓட்டை போட்டு எண்ணெயில் விடுவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஓட்டை ஏன்? நடு வேக. இதை முப்பது வருடமாகத் தின்றுகொண்டு, சுவீடன்காரன் அச்சைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

எட்டாவது ரொட்டியைப் பெரிய வடையாகத் தட்டினேன். வெளி அகலம் 13 செ.மீ., நடு ஓட்டை 4 செ.மீ., உப்பும்போது மூடிக்கொள்ளாத அளவுக்கு. அடுப்பின் மிகச் சூடான இடம் சட்டியின் நடு, இப்போது அங்கே கருகுவதற்கு ஒன்றும் இல்லை. சூடான காற்று அந்த இடைவெளியில் ஏறி மூடியில் முட்டித் திரும்புகிறது. ஒரு பக்கம் எட்டு நிமிடம், இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை சட்டியைக் கால்வட்டம் திருப்பி. அப்புறம் ரொட்டியைப் புரட்டிப் போட்டு இன்னொரு ஆறு நிமிடம். மூடி மேல் ஒரு துளி தண்ணீர் விட்டால் தோசைக்கல்லில் துள்ளுவது போலத் துள்ளக் கூடாது. சோம்பலாகக் கொதித்து வற்ற வேண்டும். அதுதான் அளவு. தெர்மாமீட்டர் தேவையில்லை.

பிய்த்தபோது உள்ளே பஞ்சு போல இழை இழையாக வந்தது. அம்மா ஒரு வாய் தின்றுவிட்டு, "உப்பு கம்மி" என்றார். எங்கள் வீட்டில் இது விருது.

மாவுக் கணக்கு: மைதா 150 கிராம், பால் பவுடர் இரண்டு மேசைக்கரண்டி, சர்க்கரை ஒன்று, உப்பு அரைத் தேக்கரண்டிக்குச் சற்று மேல், பேக்கிங் பவுடர் ஒன்றரைத் தேக்கரண்டி. இது கோவைக்கு. மேலே போகப்போக பேக்கிங் பவுடரைக் குறைக்க வேண்டும், காற்றழுத்தம் குறைந்தால் அதே வாயு அதிகமாக விரியும். உப்பி எழுந்து, சுவர் நிற்காமல் அப்படியே அமுங்கிவிடும். லடாக் பொட்டலங்களில் ஒரு தேக்கரண்டியே போட்டேன். எல்லாவற்றையும் ஜிப்லாக் கவரில் கலந்து வைத்துவிட்டால், மலையில் நெய்யும் 80 மில்லி தண்ணீரும் விட்டு கவருக்குள்ளேயே பிசையலாம். கையும் கழுவ வேண்டாம்.

கடைசி மூன்று முயற்சிகள் இனிப்புச் சுருளுக்கு. மாவைக் கவர் மேலேயே சப்பையாகத் தட்டி, நெய் தடவி, நாட்டுச்சர்க்கரையும் சுக்குப் பொடியும் ஏலக்காயும் தூவிச் சுருட்டி, தையல் நூலால் துண்டு போட வேண்டும். கத்தி நசுக்கும், நூல் நசுக்காது. ஆனால் சுருளைப் புரட்ட முடியாது. புரட்டினால் சர்க்கரை சட்டியில் வழிந்து பாகாகிக் கரியாகும். புரட்டாவிட்டால் தலை வெள்ளையாகவே இருக்கும். மூன்று முறையும் தோற்று, சுருளை விட்டுவிடலாம் என்று முடிவெடுத்தேன். பொட்டலத்தை மட்டும் ஏனோ பையில் போட்டுக்கொண்டேன்.

இடையில் ஆவி கேக்கும் ஒரு முறை செய்தேன். சட்டியில் ஒரு டம்ளர் தண்ணீர், மூன்று கூழாங்கல், மேலே டபராவில் கேக் மாவு. இருபத்திரண்டு நிமிடம், கருகவே வாய்ப்பில்லை, தண்ணீர் இருக்கும்வரை சூடு 100 டிகிரியைத் தாண்டாது. அதனாலேயே சிவக்கவும் சிவக்காது. அம்மா, "இது கேக் இல்லடா, இனிப்பு இட்லி" என்றார். எனக்கும் அது ஏமாற்று வேலையாகத்தான் பட்டது.

மேலே

கேஸ் டப்பாவை விமானத்தில் கொண்டுபோக முடியாது, ரயிலிலும் கூடாது. லே பஜாரில் மலையேற்றச் சாமான் கடைகளில் கிடைக்கும், இரண்டு வாங்கினோம். 3,500 மீட்டர் உயரம் பழக இரண்டு நாள் ஊரில் சும்மா இருந்தோம். சும்மா என்றால், ஜாமா மசூதியை ஒட்டிய சந்தில் ரொட்டிக் கடைகள் இருக்கின்றன, அங்கே நின்றுகொண்டிருந்தோம். தந்தூரின் உள்சுவரில் மாவைத் தட்டி ஒட்டுகிறார்கள், ஒரு பக்கம் சுவர்ச் சூடு, மறுபக்கம் எதிரே கனலும் கங்கு. இந்த ரொட்டிக்கு அடி என்றும் மேல் என்றும் கிடையாது. பொறாமையாக இருந்தது.

சில்லிங்கில் இருந்து நடை. முதல் இரவு ஸ்கியூ. ஆற்றோரம் மணல் கிடப்பதைப் பார்த்ததும் புத்தி கெட்டுவிட்டது. சுமக்காத மணல், இலவச மணல், அம்மா வழியில் ஒரு கேக் போடலாமே! சட்டியில் அள்ளிப் போட்டு அடுப்பில் வைத்தேன். மேலே காய்ந்த மாதிரி இருந்த மணல் உள்ளே ஈரம். அரை மணி நேரம் ஆவிதான் வந்தது. "மச்சான், மணல் வெந்திருச்சா?" என்று நண்பன் கேட்டான். மணலைக் கொட்டிவிட்டு, தகட்டைப் போட்டு, வடை ரொட்டி சுட்டேன். முதல் தடவையிலேயே சரியாக வந்தது. லேயில் வாங்கிய உலர்ந்த ஆப்ரிகாட்டை நறுக்கிப் போட்டிருந்தேன். சட்டி காலியாகும்வரை இருவரும் பேசவில்லை.

காற்றைப் பற்றி ஒன்று. அந்தப் பள்ளத்தாக்கில் மதியத்துக்கு மேல் காற்று தூக்கும். சிம்மில் எரியும் தீ அதில் நிற்காது. கல்சுவர் மறைவில், பைகளைச் சுற்றி அடுக்கித்தான் சுட முடிந்தது. கூடாரத்துக்குள் போய்விடலாம் என்று ஆசை வரும். போகவே கூடாது. டீ போட நாலு நிமிடம், ரொட்டிக்கு அரை மணி. பாத்திரம் அமுக்கிக்கொண்டிருக்கும் சிறு தீ சரியாக எரியாமல் கார்பன் மோனாக்சைடு விடும், அதற்கு வாசனையும் கிடையாது.

மறுநாள் ஸ்கியூவிலிருந்து மார்க்கா கிராமம், நீண்ட நடை. அன்று ஈஸ்ட் போட்டுப் பார்க்கலாம் என்று காலையிலேயே மாவு பிசைந்து, ஜிப்லாக் கவரில் காற்றை வெளியேற்றி மூடி, பையின் மேல்பகுதியில் வைத்தேன். வெயிலில் நடக்க நடக்க மாவு எழும், சாயங்காலம் தயாராக இருக்கும் என்று கணக்கு. எழுந்தது. மூன்று மணி வாக்கில் முதுகில் ஏதோ பொத்தென்று கேட்டது. பையைத் திறந்தால் கள்ளுக்கடை வாசனை. கவர் வாய் பிளந்து, பாதி மாவு என் குளிர் ஜாக்கெட்டின் கழுத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. கவரில் மூன்றில் இரண்டு பங்கு வெற்றிடம் விட வேண்டும் என்று இப்போது தெரியும். அந்த ஜாக்கெட் இன்றும் மழைக்காலத்தில் லேசாகப் புளிக்கும்.

மார்க்காவில் ஒரு வீட்டின் வயலோரம் காசு கொடுத்துக் கூடாரம் போட்டோம். அந்த வீட்டு அம்மா நான் ஜாக்கெட்டிலிருந்து மாவைச் சுரண்டுவதைப் பார்த்துச் சிரித்து, உள்ளே கூப்பிட்டார். லடாக்கியில் அம்மாவை அமா என்பார்கள், மரியாதைக்கு 'லே' சேர்த்து அமாலே. சமையலறை நடுவில் இரும்பு அடுப்பு, சுவர் முழுக்க செம்பும் பித்தளையுமாகப் பாத்திரங்கள் அடுக்கியிருந்தன. கவரில் மிஞ்சியிருந்த மாவை அவர் முகர்ந்து பார்த்தார், கோதுமை மாவு சேர்த்துப் பிசைந்தார், தடித்த வட்டமாகத் தட்டினார். அவர்கள் ஊரின் கம்பீர் ரொட்டியும் புளித்த மாவில் செய்வதுதான், எனவே என் மாவு அவருக்கு அந்நியமாகத் தோன்றவில்லை. நான் அன்று சுட்டிருந்த ஓட்டை ரொட்டியைத்தான் விசித்திரமாகப் பார்த்தார். விரலை ஓட்டையில் விட்டுச் சுழற்றிக் காட்டி மறுபடி சிரித்தார்.

வட்டத்தை அடுப்பின் மேல்தகட்டில் போட்டு இரண்டு பக்கமும் தோல் கட்டும்வரை சுட்டார். அப்புறம் அடுப்பின் வாயைத் திறந்து, உள்ளே கனலைப் பார்த்தபடி ரொட்டியைச் செங்குத்தாகச் சாய்த்து நிறுத்தினார். அவ்வளவுதான். அதன் முகம் எங்கள் கண்முன்னே சிவந்தது. திருப்பி வைத்தார். அந்த முகமும் சிவந்தது.

ஆறு வாரமாக நான் தீயை ரொட்டியின் தலைக்கு மேல் கொண்டுபோக வழி தேடிக்கொண்டிருந்தேன். அவர் ரொட்டியின் தலையைத் தீயிடம் கொண்டுபோனார். என் சுருளைச் சாய்த்து நிறுத்த முடியாது, உதிர்ந்துவிடும். ஆனால் மூடியைக் கொண்டுபோகலாமே?

ஹங்கரில் மூன்றாம் நாள் மாலை அதைச் செய்தேன். சுருள்களைச் சட்டியில் வட்டமாக, நடுவை விட்டு அடுக்கி, தகட்டின் மேல் சிம்மில் பதினைந்து நிமிடம். அடி வெந்ததும் சட்டியை இறக்கிப் பக்கத்துக் கல்லின் மேல் வைத்தேன். தகட்டை எடுத்துவிட்டு, மூடியை இடுக்கியால் பிடித்து நேரே தீயில் முக்கால் நிமிடம் காட்டி, சட்டியில் மூடினேன். இரண்டு நிமிடம் பொறுத்து மறுபடி. நான்கு முறை. மூடிக்குப் பிளாஸ்டிக் குமிழ் இருந்தால் முதலிலேயே கழற்றிவிட வேண்டும். சுருளுக்கும் மூடிக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளிகூட இருக்கக் கூடாது, மெல்லிய மூடியின் சூடு தூரம் போகாது. நான்காவது முறை திறந்தபோது சுருள்களின் மேடுகளில் பழுப்பு விழுந்திருந்தது. பேக்கரிச் சிவப்பு இல்லை, மொறுமொறுப்பும் இல்லை. ஆனால் சுக்கும் நாட்டுச்சர்க்கரையும் காய்ந்த வாசனைக்குப் பக்கத்துக் கூடாரத்திலிருந்து இரண்டு பேர் எழுந்து வந்தார்கள். ஆளுக்கொன்று கொடுத்தோம். ஒருவர் டீ கொடுத்தார்.

நான்காம் இரவு தங்கிய நிமாலிங் வேறு உலகம். 4,800 மீட்டர், எதிரே காங் யாட்சே சிகரம் பனியோடு நிற்கிறது, மூச்சு வாங்காமல் ஷூ கயிறு கட்ட முடியாது. சுருள் சுடும் தெம்பு இருவருக்கும் இல்லை. அங்கேதான் அம்மாவின் இனிப்பு இட்லிக்கு மரியாதை வந்தது. ஆவி கேக்கைக் கவனிக்க வேண்டியதே இல்லை. தண்ணீர் ஊற்றி மூடிவிட்டுப் படுத்துக்கொண்டு பார்க்கலாம். மைதா 80 கிராம், நாட்டுச்சர்க்கரை 50, நெய் இரண்டு மேசைக்கரண்டி, பால் பவுடர், ஏலக்காய், பேக்கிங் பவுடர் கால் தேக்கரண்டிதான். அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் பாதியைவிடச் சற்றே அதிகம். தளதளவென்று கொதிக்கும் தண்ணீரில் தெர்மாமீட்டரை விட்டால் 84 டிகிரி காட்டியது. கோவையில் 22 நிமிடத்தில் வெந்த கேக் இங்கே 47 நிமிடம் எடுத்தது. ஈர்க்குச்சி இல்லாமல் கூடாரத்தின் மெல்லிய முளையைத் துடைத்துக் குத்திப் பார்த்தேன். நடுவில் இரண்டு முறை தண்ணீர் விட வேண்டியிருந்தது, வெந்நீராகவே. ஆனாலும் வெந்தது. கோதுமை மாவின் மாச்சத்து வெந்து இறுக 84 டிகிரி போதும், பொறுமைதான் கூடுதலாக வேண்டும்.

முந்தைய இரவு கேஸ் டப்பாவைத் தூக்கப் பைக்குள் காலடியில் போட்டுப் படுத்திருந்தேன். டப்பாவுக்குள் இருக்கும் பியூட்டேன் கடல்மட்டத்தில் 0 டிகிரியை ஒட்டியே ஆவியாகாமல் முரண்டு பிடிக்கும். உயரத்தில் அழுத்தம் குறைவு என்பதால் கொஞ்சம் சலுகை உண்டு, ஆனால் முக்கால் மணி நேரம் எரியும்போது டப்பா தானாகவே மேலும் குளிர்ந்துகொண்டு போகும். பாதியில் தீ சுருங்கியபோது டப்பாவை இரண்டு உள்ளங்கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டேன். சரியானது. கைதான் விறைத்தது.

கேக்கின் பாதியை அன்றிரவு தின்றோம். மீதியை மறுநாள் 5,200 மீட்டருக்கு மேல் இருக்கும் கொங்மாரு கணவாயில், காற்றில் கொடிகள் படபடக்க, டபராவிலிருந்து விரலால் வழித்துத் தின்றோம். இறங்கி ஷாங் சும்தோவில் வண்டி ஏறியபோது இரண்டாவது டப்பாவில் 60 கிராம் மிஞ்சியிருந்தது என்பது வண்டிக்காரர் வைத்திருந்த காய்கறித் தராசில் தெரிந்தது. மொத்தம் மூன்று சுடுதல், ஒரு ஆவி கேக், தினமும் இரண்டு வேளை டீ, இரண்டு வேளை சாப்பாடு. சுடுவதற்கு மட்டும் சுமார் 120 கிராம் போயிருக்கும், நிமாலிங் கேக்தான் அதில் பெரும் பங்கு.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை இரண்டு. மூடியைக் கொஞ்சம் தடித்ததாக வாங்க வேண்டும், சூடு தாங்கும். தகட்டின் ஸ்க்ரூவில் ஒன்று மூன்றாம் நாள் கழன்று ஆற்றோரத்தில் எங்கோ விழுந்துவிட்டது. அந்த இடத்தில் கம்பி கட்ட வேண்டும். கட்டலாம் என்று தேடினால் தகடு பையில் இல்லை. அம்மா அதைக் கேஸ் அடுப்பின் மேல் போட்டு, அதன்மேல் பால் பாத்திரத்தை வைத்திருக்கிறார். அடிப்பிடிக்கவே இல்லையாம். திருப்பிக் கேட்டேன், "இன்னொண்ணு வெட்டிக்கோ, பிஸ்கட் டின் பரண்ல இருக்கு" என்கிறார்.